சின்சில்லாவின் சொந்த ஊர் எது? 4000 மீட்டரா, 400 மீட்டரா?

பனிக்காற்று | ரொறன்ரோ | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். செல்லப்பிராணிக் கேள்வி மாதிரித் தொடங்கும், ஆனால் முழுக்க அது இல்லை.

மகளுக்குப் பதினொரு வயது. இரண்டு வருடமாக ஒரு சின்சில்லா (ரோமம் அடர்ந்த, கொறிக்கும் சிறு விலங்கு) வைத்திருக்கிறாள். பெயர் மிளகு. (சாம்பல் நிறம்தான். பெயர் வைக்கும்போது அவளுக்கு ஒன்பது வயது, வாதாடிப் பிரயோசனம் இல்லை.) பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு விலங்கின் உண்மையான வீட்டைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கூண்டு வாங்கியபோது கடையில் தந்த துண்டுத்தாளில் "ஆண்டிஸ் மலையில் 4000 மீட்டர் உயரத்தில் பனிக்கு நடுவே வாழும்" என்று போட்டிருந்தது. அவளும் அப்படியே எழுதி, மேலே வெள்ளைப் பென்சிலால் பனி மலை வரைந்துவிட்டாள். நூலகத்தில் எடுத்த புத்தகத்திலோ காய்ந்த குன்று, கள்ளி, பாறை. பனி மருந்துக்கும் இல்லை. எது சரி?

இரண்டாவது விஷயம். மிளகின் முன்பற்கள் நல்ல செம்மஞ்சள் நிறம். ஒரு மாதமாகத் தீனும் கொஞ்சம் குறைவு. குசினித் தராசில் வைத்தால் 585 கிராம், புது வருடத்தில் 640 இருந்தது. பல் பழுதா? விலங்கு வைத்தியரிடம் புதன்கிழமைக்கு நேரம் எடுத்திருக்கிறேன். அதுவரை மனது கேட்கவில்லை.

கால்நடை_நாமக்கல் | ஞாயிறு, இரவு 10.15

முன்பல் செம்மஞ்சளாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். கொறிக்கும் விலங்குகள் பலவற்றுக்குப் பல்லின் மேல்பூச்சில் இரும்பு கலந்திருக்கும், நிறம் அதனால்தான். வெளுத்துப் போனால்தான் யோசிக்க வேண்டும்.

எடை குறைந்ததை மட்டும் சாதாரணமாக விடாதீர்கள். சின்சில்லாவுக்கு மொத்தம் 20 பல். இருபதும் சாகும்வரை வளரும், முன்பல் மட்டுமே வருடத்துக்கு ஐந்து முதல் ஏழு செ.மீ. வரை. எலிக்கு முன்பல்தான் வளரும், கடைவாய்ப்பல் ஒரு தடவை முளைத்தால் அவ்வளவுதான். சின்சில்லாவுக்குக் கடைவாய்ப்பல்லும் நிற்காது. காட்டில் அது தின்னும் புல்லில் மணல்சத்து அதிகம், அரத்தால் ராவுகிற மாதிரி பல் தேய்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் உருண்டைத் தீனியும் உலர்ந்த பழமும் கொடுத்தால் தேய வேலையே இல்லை. அப்போது பல் மேலே வளர இடமில்லாமல் வேர்ப்பக்கம் இறங்கும், தாடையைத் தள்ளும், கண்ணீர்ப் பாதையை அடைக்கும். வாயைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், எக்ஸ்ரேயில்தான் பிடிபடும். காட்டுச் சின்சில்லாவின் மண்டையோட்டையும் வளர்ப்பு விலங்கின் மண்டையோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள் கண்டதும் இதுதான்: காட்டு விலங்குக்குக் கடைவாய்ப்பல் குட்டை.

புதன்கிழமை எக்ஸ்ரே கேளுங்கள். கன்னம் அல்லது தாடைக்குக் கீழே முடி நனைந்து ஒட்டியிருக்கிறதா என்று இப்போதே தடவிப் பாருங்கள். என்ன தீனி கொடுக்கிறீர்கள்?

பனிக்காற்று | ஞாயிறு, இரவு 10.31

தாடை ஈரமில்லை ஐயா. தீன்: உருண்டை, கொஞ்சம் டிமோத்திப் புல், பின்னேரத்தில் இரண்டு உலர் திராட்சை. புல்லைக் கூண்டுக்குள் இழுத்துப் போட்டு மேலே படுத்துவிடும், தின்பது குறைவு.

கால்நடை_நாமக்கல் | ஞாயிறு, இரவு 10.36

திராட்சையை இன்றோடு நிறுத்துங்கள். புல்தான் சாப்பாடு, உருண்டை தொடுகறி. நீங்கள் தலைகீழாகப் பரிமாறுகிறீர்கள். வேறு புல்லும் மாற்றிப் பாருங்கள். திடீரென்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், இதற்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

சோடாபுட்டி | ஞாயிறு, இரவு 11.02

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் சின்சில்லா என்று ஒரு ஊரே இருக்கிறது. தர்பூசணிக்குப் பேர் போனது. சொந்த ஊர் அதுவாக இருக்குமோ? 😄

நூலகப்பூச்சி | ஞாயிறு, இரவு 11.20

இல்லை. அந்த ஊர்ப் பெயர் அங்குள்ள பழங்குடி மொழியில் ஒருவகைச் சைப்ரஸ் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சின்சில்லாப் பூனையும் சின்சில்லா முயலும் இந்த விலங்கின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வாங்கியவை. 2022-இல் கூகுளின் டீப்மைண்ட் ஒரு செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிக்கும் இதே பெயரை வைத்தது. இப்போது தேடினால் பாதி அதுதான் வந்து நிற்கிறது, எரிச்சலாக இருக்கிறது.

கல்லிடுக்கு | லா செரெனா, சிலி | திங்கள், அதிகாலை 5.50

நாகர்கோவில்காரன், ஒன்பது வருடமாகச் சிலியில் சுரங்க வேலை. இங்கே யாரும் சின்சில்லா என்று சொல்வதில்லை, "சின்சியா". முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சின்சில்லாவில் இரண்டு இனம். குறுவால் ஒன்று, நீள்வால் ஒன்று. துண்டுத்தாள் சொல்லும் 4000 மீட்டர் குறுவாலுக்குப் பொருந்தும். சிலியின் வடக்கு, பொலிவியா, அர்ஜென்டினா எல்லைப் பக்கம் உயர்ந்த பாலைமேட்டில் இருக்கிறது. கொழுத்த உடம்பு, சின்னக் காது, கட்டை வால். உங்கள் வீட்டு மிளகு அது இல்லை. கடையில் கிடைப்பது நீள்வால் வம்சம். நீள்வாலுக்குக் காட்டில் இன்று மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் கொக்கிம்போ வட்டாரத்தில், இயாபெல் ஊருக்கு வடக்கே அவுக்கோ என்ற பகுதி. அங்கே அது வாழ்வது 400 மீட்டரிலிருந்து 1650 மீட்டர் வரை. நம் கணக்கில் சொன்னால் மேல் எல்லையே கிட்டத்தட்ட ஏற்காட்டு உச்சி அளவுதான். லா இகேரா பக்கத்திலும் சில கூட்டங்கள் உண்டு.

அவுக்கோவில் 1983-இல் லாஸ் சின்சில்லாஸ் தேசியக் காப்பகம் ஏற்பட்டது, சுமார் 4200 ஹெக்டேர். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று என் மனைவி கேட்டாள். கருவேலங்காட்டு ஓரம் மாதிரிதான் இருக்கும்: முள்புதர், கிஸ்கோ என்கிற உயரமான கள்ளி, தாழை மாதிரி மடல் விரிந்து விளிம்பெல்லாம் முள்ளோடு நிற்கும் புயா, நடுவே சிதறிய பாறை. மழை குளிர்காலத்தில் மட்டும். வருடத்துக்கு 200 மி.மீ. கூடத் தேறாது, அதுவும் எல் நினோ வருடத்தில் கொட்டும், மற்ற வருடம் ஏமாற்றும். மழை பெய்த வருடம் கூட்டம் பெருகும், வறட்சியில் சுருங்கும்.

கவனிக்க வேண்டியது சரிவின் திசை. சின்சில்லா பெரும்பாலும் இருப்பது வடக்கு பார்த்த சரிவில். தெற்கு அரைக்கோளத்தில் வெயில் நேராக விழுவது வடக்குச் சரிவில்தான். குளிருக்காகவே படைக்கப்பட்ட விலங்கு வெயில் பக்கமாகப் போய்க் குடியிருக்கிறது! காரணம் பாறை. பகல் முழுக்கப் பாறை இடுக்கிலோ புயாவின் அடியிலோ கிடக்கும். வெளியே கொதித்தாலும் ஒரு முழம் உள்ளே சில்லென்று இருக்கும். இருட்டிய பிறகுதான் நடமாட்டம், அப்போது அந்த மலையில் குளிர் எலும்பைத் தொடும்.

அதனால் மகளிடம் சொல்லுங்கள்: பனி விலங்கு என்று எழுத வேண்டாம், இடுக்கு விலங்கு என்று எழுதட்டும். ஒரு புத்தகத்திலும் இந்தச் சொல் இருக்காது, என் சொல்தான். ஆனால் அந்த இடுக்கை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாமே விளங்கும்.

வாலில்லாப்பட்டம் | சென்னை | திங்கள், காலை 8.10

அருமையான பதிவு. 400 மீட்டரில் வெயில் மலையிலேயே இருக்கிறது என்றால் சென்னையிலும் வளர்க்கலாமே? என் தம்பி ஒன்று வாங்கப் பார்க்கிறான்.

கால்நடை_நாமக்கல் | திங்கள், காலை 8.44

வேண்டாம். அங்கே வெயில் உண்டு, புழுக்கம் கிடையாது. வளர்ப்பவர்கள் ஒரு நாட்டு வைத்தியக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 150-ஐத் தாண்டக் கூடாது. சென்னையில் ஒரு சாதாரண ஜூன் நாள் 95-ம் 65-ம், 160. அது தாங்காது. வியர்க்கிற உடம்பும் இல்லை. நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கியும் சமாளிக்க வராது. உடம்புச் சூட்டை ஓரளவு வெளியே விடுவது காது மட்டும்தான். 27 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே ஆபத்து. தம்பியிடம் நாட்டுநாய் வளர்க்கச் சொல்லுங்கள்.

பனிக்காற்று | திங்கள், காலை 9.05

ஐயா சொல்வது சத்தியம். போன ஆடியில் எங்கள் அடுக்குமாடியில் குளிரூட்டி ஒரு நாள் பழுதாகிவிட்டது. திருத்த ஆள் வர இரவாகிவிட்டது. அறையில் 29 டிகிரி. மிளகு மரத்தட்டில் கையையும் காலையும் நீட்டிப் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. காதுகள் இரண்டும் இரத்தச் சிவப்பு. ஈரத்துணி போட ஓடினேன், மகள்தான் கையைப் பிடித்தாள். பிறகு சலவைக்கல் ஒன்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்து வைத்துக் கொடுத்தோம். அதன் மேல் ஏறி வயிற்றை ஒட்டிக்கொண்டது. இடுக்குக்குள் குளிர்ந்த கல் என்று கல்லிடுக்கு அண்ணா எழுதியதை வாசிக்க அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

ஏன் ஈரத்துணி கூடாது என்று மகளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை.

கால்நடை_நாமக்கல் | திங்கள், காலை 9.30

மகள் கெட்டிக்காரி. நமக்கு ஒரு மயிர்க்குழியில் ஒன்றிரண்டு முடி. சின்சில்லாவுக்கு ஒரே குழியிலிருந்து ஐம்பது, அறுபது முடி கொத்தாகக் கிளம்பும். தரையில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு நெருக்கமான ரோமம் வேறு எதற்கும் இல்லை. கடலையும் சேர்த்தால் கடல் நீர்நாய் முந்திக்கொள்ளும். இந்த நெருக்கத்தால் பேன், தெள்ளுப்பூச்சி உள்ளே புகுந்து வாழ்வதே அபூர்வம். அதே நெருக்கம் தண்ணீருக்குப் பகை. நனைந்தால் அடிவரை காயாது, தோலில் பூஞ்சை வரும், உடம்பும் விறைத்துப் போகும். அதனால்தான் புழுதிக் குளியல்.

சோடாபுட்டி | திங்கள், காலை 9.41

நம்ம ஊர்க் கோழி புழுதியில் புரளுமே, அதே கதையா? அப்படியானால் ஆற்று மணல் போட்டால் போதாதா, கடையில் டப்பாவில் அடைத்து விற்கிற தூளுக்கு அந்த விலையா?

பனிக்காற்று | திங்கள், காலை 10.12

மணல் போட்டுப் பார்த்தவன் நான், கேளுங்கள். கடற்கரையிலிருந்து கொண்டுவந்து, கழுவி, அடுப்பில் வறுத்துப் போட்டேன். மிளகு காலை வைத்தது, முகர்ந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, போய்விட்டது. மணல் கோலமாவு என்றால் அதற்கு வேண்டியது விபூதி. அந்த நைஸ். மலையில் எரிமலைச் சாம்பலில் புரண்டு பழகியது, கடைத்தூளும் அரைத்த எரிமலைக் கல்தான்.

குளியலை நேரில் பார்க்க வேண்டும். மண்சட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தூள். முதலில் முன்காலால் இரண்டு தடவை கிண்டும். அப்புறம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தோளைக் கொடுத்து ஒரு சுழற்று. பக்கவாட்டில் முழுச் சுற்று, கண்ணால் பின்தொடர முடியாது. எழுந்து ஒரு சிலிர்ப்பு, மறுபடி சுழற்று. அறையே பஜனை மடம் மாதிரிப் புகையாகிவிடும். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து உட்காரும்போது உடம்பு இரண்டு மடங்கு உருண்டையாகத் தெரியும்.

ரோமத்தை ஊதிப் பார்த்தால் இன்னொரு அதிசயம். மெதுவாக ஊதினால் பூ மாதிரி வட்டமாக விரியும். அடியில் கருநீலச் சாம்பல், நடுவில் வெள்ளை, நுனியில் கறுப்பு, ஒவ்வொரு முடியிலும் மூன்று பட்டை. தோல் தெரிவதே இல்லை.

கல்லிடுக்கு | திங்கள், மாலை 6.20

அந்த மூன்று பட்டைதான் அதற்குக் கவசம். நிலா வெளிச்சத்தில் பாறை மேல் உட்கார்ந்தால் கல் எது விலங்கு எது என்று தெரியாது. அதையும் மீறி நரி வாயை வைத்தால் அந்த இடத்து முடியை மட்டும் கொத்தோடு உதிர்த்துவிட்டுப் போய்விடும். பல்லி வாலை விடுகிற மாதிரி. குல்பேயோ நரி, கொம்பு ஆந்தை, இரண்டும்தான் பெரிய எதிரிகள். சில மாதத்தில் முடி திரும்ப வளரும்.

பனிக்காற்று | திங்கள், மாலை 6.34

ஓம்! முதல் வாரத்தில் மகள் அவசரமாகத் தூக்க, கைநிறைய ரோமம் கையில் வந்துவிட்டது. கொன்றுவிட்டேன் என்று நினைத்து அழுதாள். மிளகு அலுமாரிக்கு மேல் ஏறி உட்கார்ந்து அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே பாய்ச்சல், ஆள் உயரம்.

செவிப்பறை | திங்கள், இரவு 8.00

நான் காது ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் துறையில் சின்சில்லா பழைய ஆள். கேள் திறன் மனிதக் காதுக்கு மிக நெருக்கம், சுண்டெலிக்கு அப்படி இல்லை. எலி நமக்குக் கேட்காத கீச்சுகளில் வாழ்கிறது, தாழ்ந்த ஒலி அதற்குச் சரியாக எட்டாது. சின்சில்லாவுக்குத் தாழ்ந்த ஒலியும் நன்றாகக் கேட்கும். நடுக்காதைச் சுற்றி உப்பலான பெரிய எலும்பு அறை, அதைத் திறந்து வேலை செய்வதும் எளிது. பெருஞ்சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை, குழந்தைகளுக்கு வரும் நடுக்காதுச் சீழ் இரண்டிலும் நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு இதன் காதிலிருந்து வந்தது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் முடிவில் விலங்கு உயிரோடு இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாலில்லாப்பட்டம் | திங்கள், இரவு 8.25

இது எலி ஜாதியா, முயல் ஜாதியா, அணிலா? ஒன்றும் பிடிபடவில்லை.

கால்நடை_நாமக்கல் | திங்கள், இரவு 9.10

கொறிக்கும் வகைதான், ஆனால் வீட்டெலியைவிட முள்ளம்பன்றிக்கு நெருங்கிய சொந்தம். நம் காட்டு முள்ளம்பன்றி தூரத்துப் பங்காளி. கினிப்பன்றி, கேபிபாரா எல்லாம் தென் அமெரிக்காவிலேயே பிரிந்த கிளைகள். சொந்தக் குடும்பத்தில் விஸ்காச்சா என்று முயல் சாயலில் ஒன்று உண்டு.

பங்காளித்தனம் பிரசவத்தில் தெரியும். எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம். பிறக்கும்போது குட்டி கண் திறக்காத, முடி இல்லாத சதைத்துண்டு. அரைக்கிலோ சின்சில்லாவுக்கு 111 நாள். நாய்க்கே 63 நாள்தான்! பிறக்கிற குட்டி முழு ரோமத்தோடு, கண் திறந்து, பல்லோடு வரும், சில மணி நேரத்தில் ஓடும். விலை என்ன என்றால் எண்ணிக்கை. ஒரு ஈற்றில் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேட்டைக் கதைக்கு வேண்டியிருக்கும். பெண்தான் பெரியது, அதிகாரமும் அதற்குத்தான். பிடிக்காத ஆண் வந்தால் பின்காலில் எழுந்து நின்று சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கும், குறி தப்பாது.

நூலகப்பூச்சி | செவ்வாய், காலை 7.15

வேட்டைக் கதை என் பங்கு.

ஆண்டிஸ் மக்கள் இன்கா காலத்திலும் அதற்கு முன்பும் இந்த ரோமத்தைப் பயன்படுத்தினார்கள், தின்னவும் தின்றார்கள். 1590-இல் ஸ்பானியப் பாதிரியார் ஹொசே தெ அகோஸ்தா தம் நூலில் இதை எழுதி ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். 1782-இல் சிலியின் ஹுவான் இக்னாசியோ மொலினா நீள்வாலுக்கு அறிவியல் பெயர் கொடுத்தார். அதுவரை பெரிய தொல்லை இல்லை. 1820-களின் கடைசியில் ஏற்றுமதி தொடங்கியது. லண்டன், லைப்சிக் சந்தைகளில் கிராக்கி. ஒரு மேலங்கிக்கு நூறு தோலுக்கு மேல் வேண்டும், காரணம் விலங்கு அவ்வளவு சிறிது.

பிடித்த முறை கொடுமை. நாயை விடுவது, புதருக்குத் தீ வைப்பது, பாறைக்கு வெடி வைப்பது. கீரி போல ஒரு விலங்கு அங்கே உண்டு, கீகே என்பார்கள், அதைப் பழக்கி இடுக்குக்குள் அனுப்பிச் சின்சில்லாவை வெளியே துரத்துவார்கள். காப்பாற்றிய இடுக்கே பொறியாகிவிட்டது. 1828 முதல் 1916 வரை கொல்லப்பட்டவை 2 கோடிக்கு மேல் என்று ஹைமே ஹிமேனெஸ் என்ற சூழலியலாளர் 1996-இல் கணக்குப் போட்டிருக்கிறார். 1910-இல் சிலி, பொலிவியா, பெரு, அர்ஜென்டினா நான்கும் கூடித் தடை ஒப்பந்தம் போட்டன. தடை என்றதும் விலை ஏறியது, திருட்டு வேட்டை கூடியது. சிலியில் உருப்படியான சட்டம் 1929-இல்தான் வந்தது. அதற்குள் மலை காலி.

இனி மிளகின் பூர்வீகம். மதயாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலியில் போத்ரெரியோஸ் தாமிரச் சுரங்கத்தில் இருந்தார். 1918-இல் உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு சின்சில்லாவைக் கொண்டுவந்து விற்றார். இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இருபத்துமூன்று வேட்டைக்காரர்களை வைத்து மூன்று வருடம் தேடியும் தேறியது ஒரு டஜனுக்குள். சிலி அரசிடம் அனுமதி வாங்கி, மலையிலிருந்து படிப்படியாக மாதக்கணக்கில் இறக்கி, கப்பலில் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிக் கொண்டுபோனார். 1923 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் இறங்கியபோது இருந்தவை பதினொன்று (பன்னிரண்டு என்றும் சொல்வார்கள்), அதில் பெண் மூன்றுதான். அமெரிக்காவில் இன்று இருக்கும் வளர்ப்புச் சின்சில்லாக்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கூட்டத்தின் வாரிசு. அவர் கொண்டுபோனது செல்லம் கொஞ்ச அல்ல, தோல் பண்ணைக்கு.

தராசுமுள் | செவ்வாய், காலை 8.02

அப்படியானால் சாப்மனுக்குச் சிலை வைக்க வேண்டாமா? பதினொன்று லட்சக்கணக்கில் பெருகிவிட்டது. இனம் பிழைத்துவிட்டது. "அழிவின் விளிம்பில்" என்று இன்னமும் அழுவது எதற்கு? காட்டில் குறைந்தால் பண்ணையிலிருந்து நாலு லாரி கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது.

கல்லிடுக்கு | செவ்வாய், மாலை 6.45

கோழிக்கடையில் கோழி தொங்குவதால் காட்டுக்கோழி பத்திரமாக இருக்கிறது என்பீர்களா?

விட்டுப் பார்த்திருக்கிறார்கள், நிலைக்கவில்லை. நூறு வருடமாகக் கூண்டில், ரோமத்துக்காகவும் நிறத்துக்காகவும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த வம்சம் அது. காட்டு விலங்கைவிடப் பருமன். ஆந்தையின் நிழலைக் கண்டதில்லை.

அது இருக்கட்டும், விடுவதற்கு இடம் எங்கே? வேட்டை நின்று நூறு வருடம் ஆகப்போகிறது, எண்ணிக்கை ஏறவில்லையே, ஏன்? அவுக்கோவைச் சுற்றி ஆட்டுக்காரர்கள். நம் ஊர்க் கிடை மாதிரியே பட்டி போட்டு மேய்ப்பார்கள். ஆடு தின்னாதது என்ன இருக்கிறது? சின்சில்லாவுக்கு வேண்டிய அதே கொத்துப்புல்லையும் புதரையும் அதுவும் தின்கிறது. அல்கரோபியா என்று ஒரு முள்செடி, சின்சில்லாவுக்கு நிழலும் மறைவும் கொடுப்பது. அதை விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் வெட்டியே தீர்த்தார்கள். காப்பகம் என்று வேலி போட்ட 4200 ஹெக்டேரைச் சின்சில்லா படித்துப் பார்க்கவில்லை, கூட்டங்களில் பெரும்பங்கு வேலிக்கு வெளியே. ஆட்டுக்காரனைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வறண்ட ஊரில் வேறு பிழைப்பு இல்லை.

தராசுமுள் | செவ்வாய், மாலை 7.10

சரி, லாரி யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நீங்களே சுரங்கக்காரர். ஆட்டைச் சொன்னீர்கள், சுரங்கத்தைச் சொல்லவில்லையே?

கல்லிடுக்கு | செவ்வாய், இரவு 9.55

நியாயமான குத்து. சொல்லாமல் தப்பிக்கத்தான் பார்த்தேன்.

குறுவாலின் இடமும் தங்கம் இருக்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இனமே இல்லாமல் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த குறுவால் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்தோஃபகாஸ்தா வட்டாரத்தில் மறுபடி கண்ணில் பட்டது. அப்புறம் அதகாமா வட்டாரத்தில் 4500 மீட்டர் உயரத்தில் சாலரெஸ் நோர்தே தங்கச் சுரங்கத் திட்டம் வந்தது. பாறைக் குவியல்கள் சிலவற்றில் சின்சில்லா. பிடித்து வேறு இடத்தில் விடுவோம் என்று திட்டத்தில் எழுதி, 2020-இல் வேலையைத் தொடங்கினார்கள். பிடித்தது நான்கு, அதில் இரண்டு இறந்தன. அரசின் சூழல் கண்காணிப்பு அமைப்பு நிறுத்தச் சொல்லிவிட்டது.

நான் வேலை பார்ப்பது தாமிரத்தில், வேறு நிறுவனம், வேறு மலை. ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் உணவுக்கூடத்தில் பேச்சு அதுதான். "எலிக்காகச் சுரங்கத்தை நிறுத்துவதா" என்று ஒரு கட்சி. பாறை வெடிப்பில் வேலை செய்யும் ஒரு பெரியவர் மட்டும் ஒன்று சொன்னார்: "நான் வெடிக்கிற பாறையை அது வீடு என்கிறது. அதைத் தூக்கி வேறு கல்லில் வைத்தால் எந்த இடுக்கு எங்கே போகும் என்று அதற்கு எப்படித் தெரியும்?" இரண்டு இனமும் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவை பட்டியலில்தான் இருக்கின்றன.

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 10.20

சுரங்க அரசியலுக்குத் தனி இழை திறக்கலாம். தாராளமாகச் செய்யுங்கள், இங்கே விலங்கோடு நிற்போம். "சின்சில்லா விலைக்கு" என்று இரண்டு பதிவு வந்தது, நீக்கியாயிற்று.

பனிக்காற்று | புதன், இரவு 8.30

வைத்தியரிடம் போய் வந்தோம். எக்ஸ்ரேயில் கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்றின் ஓரம் கூராகி நாக்கை உரசுகிறது. வேர் இறங்கவில்லை, நேரத்தோடு வந்தீர்கள் என்றார். மயக்கம் கொடுத்துத் தேய்த்துவிட்டார். கால்நடை ஐயா சொன்ன அதே சொல்: புல், புல், புல். எத்தனை வயது வரை இருக்கும் என்று மகள் கேட்டாள். பதினைந்து, இருபது சாதாரணம், கலிபோர்னியாவில் ரேடார் என்று ஒன்று 29 வயது தாண்டி வாழ்ந்து கின்னஸில் ஏறியது என்றார். வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள், எனக்கு 38 ஆகும்போதும் மிளகு இருக்கும் என்று.

கட்டுரையில் பனி மலையை அழித்துவிட்டு வடக்குச் சரிவு, கிஸ்கோ, புயா வரைந்திருக்கிறாள். புயா எப்படி இருக்கும் என்று தெரியாமல் அன்னாசி வரைந்திருக்கிறாள். பரவாயில்லையா அண்ணா?

கல்லிடுக்கு | புதன், இரவு 9.15

அன்னாசியும் புயாவும் ஒரே குடும்பம் தம்பி, தெரியாமலே சரியாக வரைந்திருக்கிறாள். விளிம்பில் கொக்கி முள் மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆடு சிக்கினால் வெளியே வராது.

என்றாவது அவளை இயாபெல் கூட்டி வந்தால் சொல்லுங்கள். காப்பகத்தில் பகலை இரவாக்கி மங்கலான விளக்கில் ராத்திரி விலங்குகளைக் காட்டும் கூடம் ஒன்று இருக்கிறது. மலையில் காட்டுச் சின்சில்லாவைப் பார்ப்பேன் என்று மட்டும் ஆசை வைக்க வேண்டாம். இரண்டு தடவையில் நான் பார்த்தது பாறைக்கு அடியில் அரிசி மாதிரிக் கிடந்த புழுக்கையும், புழுதியில் உருண்ட ஒரு வட்டத் தடமும்தான். அந்தத் தடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அதையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பனிக்காற்று | அடுத்த ஞாயிறு, காலை 10.05

எடை 604. திராட்சை டப்பா இருந்த இடத்தில் இப்போது புல் மூட்டை. விடியற்காலை மூன்று மணிக்குக் கறுக் கறுக்கென்று மெல்லும் சத்தத்தில் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.